அரசு ஊழியருக்கு ஏன் இந்தப் பாதுகாப்பு?

ஞாயிற்றுக்கிழமை மதிய உணவு முடிந்ததும் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு வழக்காடு மன்றம் கூடும். வாதி என் அப்பா. பிரதிவாதி என் தாத்தா, அதாவது என் அம்மாவைப் பெற்றவர். நீதிபதி யாரும் கிடையாது. அம்மா காப்பியைக் கொண்டுவந்து வைத்தவுடன் வழக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைக்கப்படும்.

அப்பா சிறிய இரும்புக்கடை ஒன்று வைத்திருக்கிறார். தாத்தா சென்னைத் தலைமைச் செயலகத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள் வேலை பார்த்து 2008இல் ஓய்வு பெற்றவர். கடை உரிமத்தைப் புதுப்பிக்க அப்பா கொடுத்த மனு ஓர் அலுவலகத்தில் எட்டு மாதங்களாகத் தூங்கியது. போனால், "நாளைக்கு வாங்க" என்பார்கள். நாளைக்குப் போனால், அந்த இருக்கைக்காரர் விடுப்பில் இருப்பார்.

"என் கடையில் ஒரு பையன் எட்டு மாதம் வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்தால் நான் வைத்திருப்பேனா மாமா? சர்க்கார் உத்தியோகம் என்றால் மட்டும் யாராலும் அசைக்க முடியாது. இந்தச் சட்டத்தை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்றார் அப்பா.

"உங்கள் மனுவை முடக்கியவனைத் தண்டிக்க விதி இருக்கிறது மாப்பிள்ளை. அதை எடுத்து நடத்த ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்தக் கோபத்தில் வேலியையே பிடுங்கச் சொல்லாதீர்கள். அந்த வேலி அவனுக்காகப் போட்டதல்ல" என்றார் தாத்தா.

அப்படியானால் யாருக்காகப் போட்டது? குடிமையியல் வகுப்பில் இந்தக் கேள்வியை எழுப்பினேன். சிஸ்டர் சிரித்துவிட்டு, "நீயே தேடிப் பார்த்து ஆண்டு மலருக்கு எழுது" என்றார்கள். கேள்வி கேட்பவர்களுக்கு எங்கள் வகுப்பில் கிடைக்கும் தண்டனை இதுதான்.

தோழியரே, அரசு ஊழியர் என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது அப்பாவின் மனுவை வைத்துக்கொண்டிருந்தவரைப் போன்றவர்கள். ஆனால் நாம் கண்ணால் காணாத வேறு ஒரு வகையினரும் உண்டு. அரசு ஒரு புதிய திட்டம் கொண்டுவருவதானாலும், ஒரு விதியைத் தளர்த்துவதானாலும், முதலில் ஒரு கோப்பு பிறக்கிறது. உதவிப் பிரிவு அலுவலர் குறிப்பு எழுதித் தொடங்கி வைப்பார். அது பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர் என்று படியேறிச் செயலாளரிடம் போய், இறுதியில் அமைச்சரின் மேசையை அடையும். ஒவ்வொரு படியிலும் ஒருவர் தம் கருத்தை எழுதிக் கையெழுத்திடுவார். "இதற்குப் பணம் போதாது", "இது சட்டத்திற்கு முரணானது", "இதனால் இன்னார் பாதிக்கப்படுவர்" என்று சொல்ல வேண்டிய இடம் அந்தக் குறிப்புத்தாள். முடிவெடுப்பவர் அமைச்சர்தான், மக்கள் தேர்ந்தெடுத்தது அவரையே. ஆனால் முடிவெடுப்பதற்கு முன் உண்மையை அவர் முன் வைப்பவர், நாம் பெயர்கூட அறியாத இந்த எழுத்துக்காரர். கொள்கை வகுக்கும் பணியில் இருப்பவர் என்று சொல்லப்படுபவர் இவரே.

அமைச்சருக்குப் பிடிக்காத உண்மையை எழுதினால் மறுநாளே வேலை போய்விடும் என்றால் எத்தனை பேர் எழுதுவார்கள்? வேலி இதற்காகத்தான் போடப்பட்டது என்கிறார் தாத்தா.

அந்த வேலி நம் அரசியலமைப்புச் சட்டத்தில் 310, 311 என்ற இரு பிரிவுகளில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் வேடிக்கையாக இருக்கும். மத்திய அரசு ஊழியர் குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரையிலும், மாநில அரசு ஊழியர் ஆளுநரின் விருப்பம் உள்ளவரையிலுமே பதவியில் இருப்பர் என்று 310 சொல்கிறது. இது ஆங்கிலேய மன்னராட்சியிலிருந்து வந்த வழக்கம். மன்னர் விரும்பினால் வைத்திருப்பார், விரும்பாவிட்டால் அனுப்பிவிடுவார். அடுத்த பிரிவே அந்த விருப்பத்திற்குக் கடிவாளம் போடுகிறது. ஒருவரை நியமித்த அதிகாரியைவிடக் கீழ்ப்பட்டவர் அவரைப் பணியறவோ பணிநீக்கமோ செய்யக்கூடாது. குற்றச்சாட்டை அவருக்குத் தெரிவித்து, விசாரணை நடத்தி, தம் தரப்பைச் சொல்லத் தக்க வாய்ப்பு அளித்த பின்னரே பணியறவு, பணிநீக்கம், பதவியிறக்கம் ஆகிய மூன்றையும் செய்யலாம்.

கவனியுங்கள், வேலையைவிட்டு எடுக்கவே கூடாது என்று எந்த வரியும் இல்லை. கேட்டுவிட்டு எடு என்றுதான் இருக்கிறது. குற்ற வழக்கில் தண்டனை பெற்றவருக்கு அந்த விசாரணையும் தேவையில்லை. விசாரணை நடத்துவது நடைமுறையில் இயலாது என்று அதிகாரி காரணத்தை எழுதி வைத்தாலும், நாட்டின் பாதுகாப்புக் கருதி என்றாலும் அப்படியே. 1985இல் துளசிராம் பட்டேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விதிவிலக்குகளை உறுதிப்படுத்தியது. இவை போக, ஐம்பது வயதைத் தாண்டிய உயர் அதிகாரிகளைப் பொதுநலன் கருதிக் கட்டாய ஓய்வில் அனுப்பவும் மத்திய அரசின் விதி இடம் தருகிறது. 2019 ஜூன் மாதத்தில் வருமான வரித் துறையின் மூத்த அதிகாரிகள் 12 பேர் அப்படி வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். இதையெல்லாம் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அப்படியா!" என்று வியந்தார். ஆனால் கட்சி மாறவில்லை.

1949 அக்டோபரில் அரசியல் நிர்ணய சபையில் நடந்த விவாதம் ஒன்றைத் தாத்தா அடிக்கடி சொல்வார். ஆங்கிலேயர் காலத்து ஐ.சி.எஸ். அதிகாரிகளின் உரிமைகளுக்குப் புதிய சட்டத்தில் உறுதி அளிக்கலாமா என்பது பேச்சு. நேற்றுவரை நம்மவர்களைச் சிறைக்கு அனுப்பிய அந்த அதிகாரிகளுக்கா என்று சபையில் எதிர்ப்பு எழுந்தது. அவர்களுக்காகப் பரிந்து பேசியவர் சர்தார் பட்டேல். அவரும் சிறையில் கிடந்தவர்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தம் கருத்துக்கு நேர்மாறாகத் தம் செயலாளர் குறிப்பெழுதலாம் என்றும், அந்தச் சுதந்திரத்தை எல்லாச் செயலாளர்களுக்கும் தாம் அளித்திருப்பதாகவும் அவர் கூறினார். அமைச்சர் கோபிப்பாரே என்று அஞ்சி உண்மைக் கருத்தை மறைப்பவரானால், அவருக்குப் பதில் வேறொருவரைத் தாம் வைத்துக்கொள்ள நேரும் என்றும் சொன்னார். எனக்கு இதில் பிடித்தது பின்பாதி. மறுத்துப் பேசுவது அந்த அதிகாரியின் உரிமை மட்டுமன்று, அவர் வேலையே அதுதான் என்றல்லவா ஆகிறது!

வேலியே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கடல் கடந்து ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், தேர்தலில் வென்ற கட்சி தன் ஆட்களையே அரசு வேலைகளில் அமர்த்தியது. 1829இல் ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்தில் இவ்வழக்கம் வேரூன்றியது. ஊர் அஞ்சலகத்தில் இருப்பவர்கூட ஆட்சி மாறினால் மாறிவிடுவார். கார்ஃபீல்டு 1881இல் ஜனாதிபதியானபோது, அவருக்காகத் தேர்தலில் பேசியதாகச் சொல்லிக்கொண்டு சார்லஸ் கிட்டோ என்பவர் பாரிஸ் நகரத்துத் தூதரகப் பதவியைக் கேட்டு நடையாய் நடந்தார். பதவி கிடைக்கவில்லை. அந்த ஆண்டு ஜூலை 2ஆம் நாள் வாஷிங்டன் ரயில் நிலையத்தில் ஜனாதிபதியைச் சுட்டுவிட்டார். கார்ஃபீல்டு செப்டம்பரில் இறந்தார். நாடே அதிர்ந்தது. 1883இல் பெண்டில்டன் சட்டம் வந்தது. குறிப்பிட்ட சில பதவிகளுக்குத் தேர்வெழுதித்தான் சேர வேண்டும், கட்சிக்குப் பணம் தர மறுத்ததற்காக யாரையும் நீக்கக்கூடாது என்று ஆயிற்று. பிறகு வந்த சட்டங்கள் அந்தப் பாதுகாப்பை விரித்தன.

அந்த வழக்கு அங்கே முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். 2020 அக்டோபரில் ஜனாதிபதி டிரம்ப் ஓர் ஆணை பிறப்பித்தார். கொள்கை வகுக்கும் பணியில் உள்ள நிரந்தர ஊழியர்களைத் தனிப் பட்டியலில் சேர்த்து, அவர்களை எளிதில் நீக்க வழி செய்த ஆணை அது. 2021 ஜனவரியில் அடுத்து வந்த பைடன் அதை ரத்து செய்தார். 2025 ஜனவரியில் திரும்பி வந்த டிரம்ப், பதவியேற்ற அன்றே அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார். சுமார் 50,000 பதவிகள் இதில் அடங்கும் என்று அந்நாட்டுப் பணியாளர் அலுவலகம் 2025 ஏப்ரலில் மதிப்பிட்டது. தொழிற்சங்கங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. மக்கள் வாக்களித்தது ஜனாதிபதிக்கே, அவருடைய கொள்கையைக் குறுக்கே நின்று தடுக்கும் ஊழியரை மாற்ற அவருக்கு முடிய வேண்டாமா என்பது ஆணையை ஆதரிப்போர் வாதம். அச்சத்தில் இருப்பவன் ஆமாம் மட்டும்தான் சொல்வான் என்பது எதிர்ப்போர் வாதம். அப்பாவும் தாத்தாவும் எங்கள் திண்ணையில் பேசுவது போலவே அங்கேயும் பேசுகிறார்கள் என்றால் உலகம் சிறியதுதான்.

முதல் வாதத்தைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பாதுகாப்புக் கொடுத்துவிட்டால், பொறுப்பு யாருடையது? நம் நாட்டில் இந்தக் கேள்வி பெரிதாக வெடித்தது 1957இல். ஆயுள் காப்பீட்டுக் கழகம் பிறந்து ஓராண்டுகூட ஆகாத சமயம் அது. கழகத்தின் பணம் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய், ஹரிதாஸ் முந்த்ரா என்ற வணிகரின் ஆறு நிறுவனங்களின் பங்குகளை வாங்கச் செலவிடப்பட்டது. அந்த நிறுவனங்களோ தள்ளாடிக்கொண்டிருந்தன. பெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் விஷயத்தைக் கிளப்பினார். அப்போது பிரதமர் நேரு அவருடைய மாமனார் என்பது குறிப்பிடத்தக்கது. நிதி அமைச்சராக இருந்தவர் நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. நிதித்துறைச் செயலாளர் எச்.எம். பட்டேல்.

பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளா 1958 தொடக்கத்தில் பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடத்தினார். அமைச்சர், தம் ஒப்புதல் இல்லாமல் செயலாளர் நடந்துகொண்டார் என்றார். செயலாளர், அமைச்சரிடம் சொல்லித்தான் செய்தேன் என்றார். விவகாரம் பெரும்பாலும் வாய்ப்பேச்சில் நடந்திருந்ததால், ஒருவர் சொல்லுக்கு எதிராக இன்னொருவர் சொல். செயலாளரின் செயலுக்கும் அமைச்சரே அரசியலமைப்பின்படி பொறுப்பு என்று சாக்ளா முடிவு சொன்னார். கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். பட்டேலும் பின்னர் அரசுப் பணியிலிருந்து வெளியேறினார். கதை இன்னும் இருக்கிறது. கிருஷ்ணமாச்சாரி 1963இல் மீண்டும் நிதி அமைச்சரானார். 1977இல் அதே நிதி அமைச்சர் நாற்காலியில் எச்.எம். பட்டேல் வந்து அமர்ந்தார்!

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்று. பங்குகளை வாங்குமுன் கோப்பில் இரண்டு வரி இருந்திருந்தால், "வாங்க வேண்டாம் என்பது என் கருத்து" என்றோ "வாங்கலாம்" என்றோ ஒருவர் எழுதி, அதன் கீழே மற்றவர் கையெழுத்திட்டிருந்தால், ஒரு நீதிபதி வந்து யார் சொல்வது உண்மை என்று தேட வேண்டியிருக்காது. தாத்தா அஞ்சாமல் எழுதுவதற்கு எந்தத் தாள் வேண்டுமோ, அப்பா பொறுப்பைக் கேட்பதற்கும் அதே தாள்தான் வேண்டும். இருவரும் ஒரே தாளின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

அன்றுதான் தாத்தா தம் கதையைச் சொன்னார். அம்மாவுக்குத் தெரியும், எனக்கு அதுவரை தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் அவரிடம் ஒரு கோப்பு வந்தது. ஒரு கொள்முதல் விதியைத் தளர்த்த வேண்டும் என்பது பொருள். மேலிருந்து தொலைபேசி வந்தது. "சாதகமாகக் குறிப்பு வைத்து அனுப்புங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். தாத்தா ஒரு நாள் முழுதும் யோசித்தார். பிறகு விதியை ஏன் தளர்த்தக்கூடாது என்று எழுதி, தொலைபேசியில் தமக்குச் சொல்லப்பட்டதையும் கடைசி வரியாகப் பதிவு செய்து மேலே அனுப்பினார். பத்து நாளில் இடமாறுதல் ஆணை வந்தது. வேறொரு துறையில் பழைய ஆவணங்களைக் கட்டிவைக்கும் பிரிவு. சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை. பதவியும் இறங்கவில்லை. ஆகவே அது தண்டனை இல்லை. தண்டனை இல்லாததால் 311ஆம் பிரிவுக்கு அங்கே வேலையும் இல்லை. அம்மா அப்போது என்னைப் போலப் பத்தாம் வகுப்பு. ஒரு மாதம் தாத்தா வீட்டில் யாரிடமும் பேசவில்லையாம்.

"அந்தக் கோப்பு என்ன ஆயிற்று தாத்தா?" என்று கேட்டேன்.

"என் இடத்துக்கு வந்தவர் வேறு குறிப்பு எழுதினார்மா" என்றார்.

வேலியில் இருக்கும் பெரிய ஓட்டை இந்த இடமாறுதல்தான். அரியானாவில் அசோக் கேம்கா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி, 2025 ஏப்ரலில் ஓய்வு பெறும் வரை முப்பத்துநான்கு ஆண்டுகளுக்குள் ஐம்பது முறைக்கு மேல் மாற்றப்பட்டார். அவரை யாரும் வேலையைவிட்டு நீக்கவில்லை. பெட்டியைக் கட்டுவதே வேலையாகிவிட்டது, அவ்வளவுதான்.

இந்த ஓட்டையை அடைக்க முயன்றவர் ஒரு தமிழர். மத்திய அரசின் அமைச்சரவைச் செயலாளராக 1996 முதல் 1998 வரை இருந்த டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன், ஓய்வு பெற்ற வேறு பல அதிகாரிகளுடன் சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2013 அக்டோபர் 31ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அதிகாரிகளுக்கு ஓரிடத்தில் குறைந்தபட்சக் காலம் வேண்டும்; இடமாறுதல் பற்றி ஆலோசனை சொல்லக் குடிமைப் பணி வாரியங்கள் வேண்டும்; வாய்மொழி உத்தரவின்பேரில் அதிகாரிகள் செயல்படக்கூடாது, எந்த உத்தரவையும் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். வாய்மொழியாகவே எல்லாம் நடந்தால் மக்களுக்குத் தகவல் அறியும் உரிமை இருந்து என்ன பயன் என்றும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. 2014 ஜனவரியில் விதிகள் திருத்தப்பட்டு, ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒரு பதவியில் பொதுவாக இரண்டு ஆண்டுகளாவது இருக்க வேண்டும் என்று ஆனது. உரிய காரணத்தோடு முன்னதாகவும் மாற்றலாம் என்று ஒரு வாசலும் அதில் திறந்தே இருக்கிறது. அந்த வாசல் எவ்வளவு அகலம் என்பதைக் கேம்காவிடம்தான் கேட்க வேண்டும். தீர்ப்புக்குப் பின்னும் அவர் பலமுறை மாற்றப்பட்டார்.

நான் படித்து முடித்ததும் அரசுத் தேர்வு எழுத ஆசைப்படுகிறேன். அம்மாவுக்கு விருப்பமில்லை. "டீச்சர் வேலைக்குப் போ, நிம்மதியாக இருக்கலாம்" என்கிறார். அந்த ஒரு மாதத்தை அவர் மறக்கவில்லை என்று இப்போது புரிகிறது. எனக்கும் பயமில்லை என்று சொன்னால் அது பொய். தொலைபேசி வந்தால் அந்தக் கடைசி வரியை நான் எழுதுவேனா என்று இரவில் படுத்துக்கொண்டு யோசித்ததுண்டு. விடை கிடைக்கவில்லை.

அப்பாவின் மனு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தாத்தா சொன்னபடி அப்பா ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தம் மனு பற்றிய குறிப்புத்தாளின் நகலைக் கேட்டார். முப்பது நாளைக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். இருபத்தேழாம் நாள் உறை வந்தது. உள்ளே ஒரே தாள். அதில் ஒரே வரி: "பரிசீலனையில் உள்ளது". கீழே ஒரு சுழிப்பு. தேதி இல்லை. யாருடைய சுழிப்பு என்பதும் இல்லை.

நாங்கள் எதிர்பார்த்ததற்கு மாறாக, அப்பா சிரித்தார். தாத்தாவுக்குத்தான் கோபம் வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளை இருமுறை திருப்பிப் பார்த்தார். "தேதி போடாத குறிப்பை என் சர்வீஸில் ஒரு தடவைகூட மேலே அனுப்பியதில்லை மாப்பிள்ளை. பேனாவை எடுங்கள்" என்றார்.

மேலதிகாரிக்கு எழுதும் முறையீட்டை இருவரும் அன்று மாலை வரை உட்கார்ந்து எழுதினார்கள். அப்பா எழுதியதில் வசவுகள் அதிகம் என்று தாத்தா பாதியை அடித்தார். மீதியில் சாரமே இல்லை என்று அப்பா குறைப்பட்டுக்கொண்டார். காப்பி இரண்டு முறை வந்தும் வழக்கு ஒத்திவைக்கப்படவில்லை. கடைசியில் அப்பா கையெழுத்திட்டு மடித்து உறையில் போடப் போனபோது, தாத்தா கையை நீட்டித் தாளை வாங்கிப் பார்த்து, சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். அப்பாவும் தேதி போட மறந்திருந்தார்.